இழந்தவர்களின் கதை: ‘பொன்னியின் செல்வன்’ பற்றி வட ஆற்காட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எழுத்தாளர் கல்கி எழுதி, ‘கல்கி’ வார இதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் கருப்பொருள், குறியீடுகள், பாத்திரங்களின் உள்நோக்கம் ஆகியவை பற்றி மட்டும் இம்மாதம் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்து நிற்கும் பழைய வட ஆற்காட்டிலிருந்து வந்தவை. கதை தஞ்சையிலும் பழையாறையிலும் கோடிக்கரையிலும் கடம்பூரிலும் நடக்கிறது என்றாலும், அதன் வேர்களில் சில நம் பாலாற்றங்கரையிலும் பொன்னையாற்றங்கரையிலும்தான் ஓடிக்கிடக்கின்றன. ஆகவே இந்தப் பகுதி வாசகர்களின் கேள்விகளையே எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, எங்கள் ஊரில் வந்தியத்தேவனை எங்கள் ஊர்ப் பிள்ளை என்றே பேசிக்கொள்கிறோம். ஆனால் ஐந்து பாகங்களையும் படித்து முடித்தபோது எனக்கு ஒரு குறை தோன்றியது. பழுவூர் இளையராணி நந்தினிக்குப் பழி, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனுக்குக் குற்ற உணர்வு, அவளை மணந்த பெரிய பழுவேட்டரையருக்கு மோகம் என்று ஒவ்வொருவரையும் ஏதோ ஒன்று உந்துகிறது. வந்தியத்தேவனை உந்துவது எது? ஓலை சுமப்பதைத் தவிர அவனுக்கென்று ஒரு நோக்கம் உண்டா?
— பள்ளி ஆசிரியர், திருவலம்

மற்றவர்களை உந்துவது எதுவென்று நமக்கு எளிதில் தெரிந்துவிடுகிறது. ஏனென்றால் அவர்களே அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள், சபதம் செய்கிறார்கள், தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். வந்தியத்தேவன் தன் இழப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதனாலேயே அவனுக்கு இழப்பு எதுவும் இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

முதல் அத்தியாயத்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரை வழியாகக் குதிரையில் வரும் அந்த இளைஞன், கடல்போல் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பைக் கண்டு மலைத்துப்போய், தொண்டை நாட்டில் பல்லவர்கள் அமைத்த ஏரிகளெல்லாம் இதன்முன் குளம் குட்டைகள் என்று நினைத்துக்கொள்கிறான். காவேரிப்பாக்கத்து ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரி சற்று உறுத்தத்தான் செய்யும். ஆனால் அந்த இடத்தில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வீரநாராயணன் என்பது முதற் பராந்தக சோழனின் விருதுப்பெயர். அந்தப் பராந்தகன்தான் இந்தப் பகுதியை முன்பு ஆண்ட வாணர்களை வென்று அவர்களுடைய அரசை முடித்துவைத்தவன். வாணர்களின் பட்டத்தை எடுத்துக் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்கு அவன் கொடுத்த செய்தியைச் சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டும் உதயேந்திரம் செப்பேடும் தெரிவிக்கின்றன. இரண்டுமே நம் வட ஆற்காட்டு ஆவணங்கள். அப்படியானால் நாவலின் முதல் காட்சியில் நாம் காண்பவன் யார்? தன் முன்னோரின் அரசைப் பறித்தவனின் பெயரைத் தாங்கிய ஏரியின் கரையில், அந்த அரசனுடைய கொள்ளுப்பேரன் ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலையோடு, மனத்தில் கசப்பின் சாயல்கூட இல்லாமல், புதுவெள்ளத்தையும் கரையில் குதூகலிக்கும் மக்களையும் பார்த்து மகிழ்ந்து நிற்கும் வாணர் குலத்து இளைஞன்.

வரலாற்று வந்தியத்தேவனைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிவது மிகவும் குறைவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கரிகாலனின் தங்கை குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று குறிப்பிடுகிறது. வாணர் குலத்தவன், வல்லத்து இளவரசன் என்பவை நாவல் அவனுக்குத் தரும் அடையாளங்கள். கல்கி அந்தக் குலத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார் என்பது என் துணிபு. இந்த நாவலில் சோழர்களால் எல்லாவற்றையும் இழந்தவர்கள் இரண்டு பேர்: ஒருத்தி நந்தினி, இன்னொருவன் வந்தியத்தேவன். ஒருத்தி இழப்பை வாளாக்கி மடியில் வைத்துக் காக்கிறாள். மற்றவன் இழப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுப் பசி, தூக்கம், வேடிக்கை, காதல் என்று கண்முன் உள்ள வாழ்க்கையை அள்ளிக்கொள்கிறான். அவனுக்கும் ஆசை உண்டு. முன்னோர் இழந்த அரசைத் திரும்பப் பெற வேண்டும், நல்ல பதவிக்கு வர வேண்டும் என்ற ஆசையோடுதான் அவன் புறப்படுகிறான். ஆனால் பழையாறையில் குந்தவையைக் கண்ட பிறகு அந்த ஆசை பின்னுக்குப் போய், நம்பிக் கொடுத்த காரியத்தை உயிரைக் கொடுத்தாவது முடிக்க வேண்டும் என்ற பிடிவாதமாக மாறிவிடுகிறது. பொய் சொல்ல அவன் ஒரு கணமும் தயங்குவதில்லை. நம்பியவர்களைக் காட்டிக்கொடுக்க மட்டும் அவனால் முடிவதில்லை. அவனுடைய நோக்கத்தை அவன் பேச்சில் தேடாமல் இந்த முடியாமையில் தேடுங்கள்.

நந்தினியின் கையில் அவன் பலமுறை அகப்பட்டும் அவள் அவனைத் தப்பவிடுகிறாளே, அது ஏன் என்றும் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவனால் அவளுக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்பது மேல்மட்டத்துக் காரணம். தன்னைப்போலவே எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒருவன் எப்படிச் சிரித்துக்கொண்டு திரிகிறான் என்ற வியப்பும் அவளிடம் இருப்பதாகவே நான் படிக்கிறேன்.

நந்தினி வில்லியா, பாதிக்கப்பட்டவளா? கல்லூரிக் கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச வேண்டும். மீன் சின்னம் பொறித்த வாளைப் பற்றியும் சொல்லுங்கள், ஐயா.
— முதுகலை மாணவி, காட்பாடி

இரண்டில் ஒன்று என்று தலைப்பு வைத்துக்கொண்டு பேசினால் உங்கள் உரை பாதியிலேயே தடுமாறிவிடும், அம்மா. அவளுடைய செயல்கள் கொடியவை. அவளுக்கு நடந்தவையும் கொடியவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கல்கி எங்குமே முயலவில்லை.

அவளைப் புரிந்துகொள்ள ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். போரில் தோற்று, காயம்பட்டு ஒரு குடிசையில் ஒளிந்துகிடக்கிறான் பாண்டிய மன்னன் வீரபாண்டியன். தேடிக்கொண்டு வருகிறான் ஆதித்த கரிகாலன். தன் இளமையில் உயிராக நேசித்தவள் குடிசையிலிருந்து வெளியே வந்து, எதிரியின் உயிரைக் கேட்டுக் காலில் விழுகிறாள். அவன் அவளைத் தள்ளிவிட்டுப் போய்த் தலையை வெட்டுகிறான். இந்தக் காட்சி நமக்கு நேரடியாகக் காட்டப்படவில்லை. மாமல்லபுரத்தில் கரிகாலனே தன் வாயால் நண்பன் பார்த்திபேந்திரனிடம் சொல்லித்தான் நாம் முதன்முதலில் கேட்கிறோம். இது மிகவும் நுட்பமான ஏற்பாடு. நந்தினியின் துயரத்தை நந்தினி சொல்லியிருந்தால், அவள் நடிக்கிறாள் என்று நாம் ஐயப்படலாம். கொன்றவனே நடுங்கிக்கொண்டு சொல்லும்போது ஐயத்துக்கு இடமில்லை.

அவளை உந்துவது வீரபாண்டியன்மேல் வைத்த அன்பு மட்டும்தானா? வீரபாண்டியன் அவளுக்குக் காதலனா, தந்தையா என்பதையே நாவல் கடைசிவரை இருவிதமாகச் சொல்லிக் குழப்பத்தில் விட்டுவிடுகிறது. ஆனால் அவள் காலில் விழுந்து கேட்டது மறுக்கப்பட்டது என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. அதற்கும் முன்னால், பழையாறை அரண்மனையில் அர்ச்சகர் வீட்டுப் பெண் என்று ஒதுக்கப்பட்டாள். குந்தவை அவளைச் சமமாக ஏற்கவில்லை. கரிகாலனிடமிருந்து அவள் பிரிக்கப்பட்டாள். இப்படி ஒவ்வொரு வாசலிலும் தள்ளப்பட்டவளுக்கு, முதன்முதலில் ஒரு வேலையையும் ஓர் இடத்தையும் கொடுத்தவர்கள் ரவிதாஸனும், பாண்டிய மன்னனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்த ஆபத்துதவிகளும்தான். அவர்களும் அவளைப் பயன்படுத்துகிறார்களே தவிர மதிக்கவில்லை. பழுவூர் அரண்மனையில் அத்தனை செல்வாக்கோடு இருக்கும்போதும் அவள் ஒரு கைதிதான் என்பதை மூடுபல்லக்கு நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

இப்போது வாளுக்கு வருவோம். வீரபாண்டியனின் மீன் சின்ன வாளை அவள் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளாக நடத்துவதில்லை. எடுத்து அணைத்துக்கொள்கிறாள், அதோடு பேசுகிறாள். இந்த ஒரு செயலைக் கூர்ந்து கவனியுங்கள். அவளிடம் மனம்விட்டுப் பேசுவதற்கு மனிதர் ஒருவரும் இல்லை. வாள் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அந்த வாள் பழியின் சின்னமாக இருப்பதைவிட அவளுடைய தனிமையின் சின்னமாகவே எனக்குப் படுகிறது. அதைக் கையில் எடுக்கும் போதெல்லாம் அவள் முகம் மாறுகிறது. கீழே வைத்துவிட்டால் எதைப் பற்றிக்கொண்டு வாழ்வது என்று அவளுக்குத் தெரியாது.

மந்தாகினியையும் உங்கள் உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நந்தினியின் முகத்தை அப்படியே கொண்ட அந்த ஊமை ராணியும் ஒரு சோழனால் கைவிடப்பட்டவள்தான். பேச்சே இல்லாத அவள் சுவரில் சித்திரங்கள் எழுதித் தன் கதையைச் சொல்கிறாள். பொன்னி ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் தன்னைக் கைவிட்டவனுக்காக எறியப்பட்ட வேலைத் தன் உடலில் தாங்கிச் சாகிறாள். நந்தினிக்கோ கேட்பவரை மயக்கும் பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு முழுவதும் ஆயுதமாகவே பயன்படுகிறது. ஒரே முகத்தை இரண்டு பேருக்குக் கொடுத்தது வெறும் ஆள்மாறாட்டச் சுவாரஸ்யத்துக்காக என்று சில விமர்சகர்கள் ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். இழப்பு ஒரு மனிதரை எந்தெந்த வழியில் கொண்டுபோகக்கூடும் என்பதை அருகருகே வைத்துக் காட்ட அவர் கண்ட வழி அது.

குறை என்று ஒன்றைச் சொல்வதானால், ‘நஞ்சினும் கொடியாள்’ போன்ற அத்தியாயத் தலைப்புகளும், நந்தினியைப் பாம்போடு ஒப்பிடும் பேச்சுகளும் தேவைக்கு மேல் வந்துவிட்டன. அவை மற்றப் பாத்திரங்களின் அச்சத்தைக் காட்டுபவை என்று எடுத்துக்கொண்டு, அவள் தனியே இருக்கும் இடங்களை மட்டும் வைத்து உங்கள் முடிவுக்கு வாருங்கள்.

தக்கோலப் போர் நடந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன். நாவலில் எங்கள் ஊருக்கு என்ன இடம்?
— விவசாயி, தக்கோலம்

கதைக்குள் யாரும் உங்கள் ஊருக்கு வந்து போவதில்லை. ஆனால் உங்கள் ஊரில் நடந்தது நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு நடந்த போரில், பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே, கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டான். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று அவனைக் கல்வெட்டுகள் அழைக்கின்றன. பட்டத்துக்கு உரியவன் இறந்ததால் முடி அடுத்த மகன் கண்டராதித்தருக்குப் போனது. அவர் மறைந்தபோது அவருடைய மகன் சிறு குழந்தை என்பதால் தம்பி அரிஞ்சயருக்கும், பிறகு அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்கும் போனது. கண்டராதித்தரின் மகன் மதுராந்தகனுக்கா, சுந்தர சோழரின் மகனுக்கா அடுத்த உரிமை என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிச் சதி செய்வது இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

வீரநாராயண ஏரியை, வடக்கே போருக்குப் போவதற்கு முன் படையோடு காத்திருந்த நாட்களில் இராஜாதித்தன் தன் வீரர்களைக் கொண்டு வெட்டுவித்ததாக நாவலின் முதல் அத்தியாயமே சொல்கிறது. அந்த ஏரிக்கரையில் கதையைத் தொடங்குவதன்மூலம், மறைந்த இளவரசனின் பெயரை ஆசிரியர் முதலிலேயே நம் காதில் போட்டுவிடுகிறார்.

வால் நட்சத்திரம், மூடுபல்லக்கு, கொள்ளிவாய்ப் பிசாசு, வெள்ளம் என்று எல்லாவற்றையும் குறியீடு என்கிறார்கள். வாரம் ஒரு அத்தியாயமாக எழுதியவர் இவ்வளவையும் திட்டமிட்டா எழுதியிருப்பார்? நாமாக ஏற்றிச் சொல்கிறோமா?
— நெசவாளர் குடும்பத்து வாசகி, குடியாத்தம்

நியாயமான ஐயம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் குறியீடு என்று சொல்லுவதில்தான் கோளாறு இருக்கிறது.

வால் நட்சத்திரத்தை நான் குறியீடு என்று சொல்ல மாட்டேன். அது கதைமாந்தர்கள் நம்பும் ஒரு சகுனம். தூமகேது தோன்றினால் அரச குலத்துக்கு ஆபத்து என்று ஊரே பேசிக்கொள்கிறது. அந்தப் பேச்சு சிற்றரசர்களுக்குத் துணிவையும் அரண்மனைக்கு அச்சத்தையும் கொடுக்கிறது. அங்கே நட்சத்திரத்தைவிடப் பேச்சுக்குத்தான் வேலை அதிகம். பத்திரிகை ஆசிரியராக இருந்த கல்கிக்கு வதந்தியின் வலிமை நன்றாகத் தெரியும்.

மூடுபல்லக்கு கதையின் தேவைக்காக வந்து குறியீடாக வளர்ந்தது. திரைக்குள்ளே அழகிய இளையராணி இருப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே மதுராந்தகன் உட்கார்ந்து சதிக்கூட்டத்துக்குப் போகிறான். ஆட்சிக்கு வரத் துடிப்பவன் ஒரு பெண்ணின் பல்லக்கில், அவளுடைய பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகிறான் என்ற ஒன்றே அவனைப் பற்றி நமக்குப் போதுமானதைச் சொல்லிவிடுகிறது.

இந்த வரிசையில் மிகச் சிறந்தது கோடிக்கரைச் சதுப்பில் எரியும் நெருப்பு. சதுப்பு நிலத்தில் மக்கிய பொருள்களிலிருந்து எழும் வாயு இரவில் பற்றி எரிவதையே மக்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சினார்கள். பூங்குழலி அவற்றைக் காட்டி, இவர்கள்தாம் என் காதலர்கள் என்கிறாள். இளவரசரை மனத்தில் வைத்துக்கொண்டு, அது கைகூடாது என்றும் தெரிந்துகொண்டு, கடலில் தனியே படகு வலிக்கும் பெண் அவள். பக்கத்தில் போனால் மறைந்துவிடும், தொட முடியாது, ஆனாலும் ஒவ்வோர் இரவும் எரிகிறது. அவளுடைய ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. அந்த மண்ணிலேயே இருக்கும் பொருள் என்பதால் அது ஒட்டவைத்ததாகவும் தெரியவில்லை.

வெள்ளத்தைப் பற்றி நம் பகுதிக்காரர்கள் சொல்வதற்குத் தனியே இருக்கிறது. நமக்குப் பாலாறு என்றால் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் அது கரைபுரண்டு வந்தபோது, முதல் நாள் பாலத்தின்மேல் நின்று கைகூப்பிப் பார்த்த மக்களே, மறுநாள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாவலும் அப்படித்தான் நடக்கிறது. ‘புது வெள்ளம்’ என்ற முதல் பாகத்தில் தண்ணீர் என்றால் கொண்டாட்டம், சித்திரான்னம், கும்மி. பிந்திய பாகங்களில் அதே தண்ணீர் புயலாகவும் உடைப்பாகவும் வந்து பெரிய பழுவேட்டரையரைக் கொள்ளிடத்தில் அடித்துக்கொண்டு போகிறது. அந்த வெள்ளத்திலிருந்து கரையேறிய பிறகுதான் சதிகாரர்களின் பேச்சை அவர் மறைந்திருந்து கேட்டு, நந்தினியைப் பற்றிய உண்மையை அறிகிறார். உடம்பில் 64 விழுப்புண்களைப் பெருமையோடு தாங்கிய மனிதர், போரில் அல்லாமல் ஓர் ஆற்றில்தான் தன் கர்வத்தைத் தொலைக்கிறார். திட்டமிட்டு எழுதினாரா என்று கேட்டீர்கள். தொடரைத் தொடங்கும்போதே இதெல்லாம் அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முன்பு எழுதியதை மறவாமல் திரும்ப எடுத்துப் புதிய பொருளோடு வைக்கத் தெரிந்திருந்தால் போதும்; அது அவருக்குத் தெரிந்திருந்தது.

மேல்பாடியில் உள்ள பள்ளிப்படைக் கோயிலுக்கும் நாவலில் வரும் பள்ளிப்படைக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், பொன்னை

பள்ளிப்படை என்பது இறந்தவரின் நினைவாக எழுப்பும் சமாதிக் கோயில். இரண்டும் வேறு வேறு. மேல்பாடியில் உள்ளது அரிஞ்சிகை ஈஸ்வரம். ‘ஆற்றூர்த் துஞ்சிய தேவர்’ என்ற தன் பாட்டனார் அரிஞ்சயருக்காக முதலாம் இராஜராஜன் எடுப்பித்தது. நாவலில் வருவது திருப்புறம்பயத்தில், போரில் உயிர்துறந்த கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதியின் பள்ளிப்படை. அந்தப் போரில்தான் பாண்டியர்கள் தோற்றுச் சோழர்களின் ஏற்றம் தொடங்கியது. சுற்றிலும் காடு மண்டிய அந்தச் சமாதிக் கோயிலில் பாண்டிய ஆபத்துதவிகள் கூடுகிறார்கள். சிறுவன் ஒருவனை அங்கே சிங்காதனத்தில் அமர்த்தி முடிசூட்டுகிறார்கள். தங்கள் வீழ்ச்சி தொடங்கிய இடத்திலேயே மீட்சியைத் தொடங்க நினைக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து செத்தவர்களின் பகைக்கு வாரிசாக்குகிறார்கள் என்பதுதான் அந்தக் காட்சியைப் படிக்கும்போது என்னைக் கலங்கவைப்பது. மேல்பாடிக்குப் போகிறவர்கள் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் போனால் கோயிலின் அமைதி இன்னும் நன்றாகப் புரியும்.

ஆதித்த கரிகாலன் ஆபத்து என்று தெரிந்தும் ஏன் கடம்பூருக்குப் போகிறான்? அவனைக் கொன்றது யார் என்று கல்கி ஏன் தெளிவாகச் சொல்லவில்லை? ஷிப்ட் முடிந்து பேருந்தில் வீடு திரும்பும்போது நண்பர்களோடு தினமும் இதே விவாதம்தான்.
— தோல் தொழிற்சாலைப் பணியாளர், ஆம்பூர்

உங்கள் விவாதத்தில் கலந்துகொள்ள எனக்கும் ஆசைதான். முதல் கேள்விதான் இந்த நாவலின் மிக ஆழமான இடம் என்பேன்.

அவனைப் போக வேண்டாம் என்று சொல்லாதவர்களே இல்லை. பாட்டனார் மலையமான் தடுக்கிறார். குந்தவை வந்தியத்தேவன்மூலம் தடுக்கிறாள். நந்தினி உன் சகோதரி என்ற செய்தியையும் சொல்லியனுப்புகிறாள். அத்தனையும் கேட்டுக்கொண்டு அவன் போகிறான். வீரம், பிடிவாதம், முரட்டுத்தனம் என்று மற்றவர்கள் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலில் விழுந்து கெஞ்சியவளின் முகம் மூன்று ஆண்டுகளாக அவனைத் தூங்கவிடவில்லை. அவன் செய்தது போர் தர்மத்தில் குற்றமாகாது. பாண்டியன் தலைகொண்டவன் என்று ஊர் அவனைப் புகழ்கிறது. தண்டிக்க யாரும் இல்லாத குற்றத்தைச் சுமப்பவனுக்கு விடுதலை கிடையாது. தன்னைக் குற்றவாளி என்று சொல்லும் உரிமை உலகத்தில் ஒருத்திக்குத்தான் இருக்கிறது, அவள் கடம்பூரில் இருக்கிறாள், ஆகவே அவன் போகிறான். அங்கே அவன் பேசும் பேச்சுகளைக் கவனியுங்கள்: சிற்றரசர்களைக் குத்திக் குதறி, அவர்களுடைய கோபத்தை வேண்டுமென்றே கிளறுகிறான். உயிரோடு திரும்ப நினைப்பவன் அப்படிப் பேச மாட்டான்.

இரண்டாவது கேள்விக்கு வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்’ என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்களையும் அவர்களைச் சார்ந்தவர்களையும் சேர்ந்த சொத்துகளைப் பற்றிப் பேசுகிறது. கொலை நடந்து, உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கழிந்து, இராஜராஜன் காலத்தில்தான் இந்தச் செய்தி கல்லில் ஏறுகிறது. இந்தக் காலதாமதத்தை வைத்து உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், அதை மறுத்தார் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். ஆக, அறிஞர்களிடையே தீராத வழக்கு அது.

கல்கி அந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுதவில்லை. கொலை நடக்கும் கணத்தில் அறை இருண்டுவிடுகிறது. யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருந்த வந்தியத்தேவனால்கூட நடந்ததைப் பார்க்க முடிவதில்லை. அதன்பிறகு நடப்பதுதான் முக்கியம்: எரியும் மாளிகையிலிருந்து உடலைத் தூக்கிக்கொண்டு வந்தவன்மேலேயே பழி விழுகிறது, பெரிய பழுவேட்டரையர் நான்தான் கொன்றேன் என்று சொல்லித் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். யார் கை ஆயுதத்தைப் பிடித்தது என்ற கேள்வியை மங்கலாக்கியதால், யார் யாருக்கெல்லாம் அதில் பங்கு என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. பழி வளர்த்த நந்தினிக்குப் பங்குண்டு. அவளை ஒதுக்கிய அரண்மனைக்குப் பங்குண்டு. கண்மூடி அவளை நம்பிய கிழவருக்குப் பங்குண்டு. சாவைத் தேடிப்போன கரிகாலனுக்கே பங்குண்டு. ஒரு கொலைகாரனின் பெயரைச் சொல்லியிருந்தால் மற்ற எல்லோரும் தப்பித்திருப்பார்கள்.

கையில் வந்த மகுடத்தை அருள்மொழி இன்னொருவர் தலையில் வைப்பது நம்பும்படி இல்லையே?
— வழக்கறிஞர், ஆற்காடு

செயலுக்கு ஆதாரம் இருக்கிறது. சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும்வரை அரசு தனக்கு வேண்டாம் என்று, பின்னாளில் முதலாம் இராஜராஜனான அருள்மொழி இருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் புகழ்கின்றன. அந்தச் சில வரிகளிலிருந்துதான் ‘தியாக சிகரம்’ என்ற பாகமே எழுந்தது. நாவலுக்குள்ளும் காரணங்கள் உண்டு: முடிக்காக உறவினர்கள் சிதறுவதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார், அவருடைய மனம் கடல் கடந்த நாடுகளிலும் எடுக்க வேண்டிய கோயில்களிலும் இருக்கிறது.

ஆனால் உங்கள் மனக்குறையில் உண்மை இல்லாமலில்லை. கரிகாலனுக்குள் நடக்கும் போராட்டத்தில் கால்பங்காவது அருள்மொழிக்குள் காட்டியிருந்தால் அந்தத் தியாகம் இன்னும் கனமாக இருந்திருக்கும். மேலும், முடியைப் பெறுபவர் பேராசைக்கார மதுராந்தகனாக இல்லாமல், பூத்தொடுத்துச் சிவத்தொண்டு செய்த சேந்தன் அமுதனாக மாறிவிடுவதால், கொடுப்பது எளிதாகிவிடுகிறது. தகுதியற்றவனுக்குக் கொடுத்திருந்தால் அல்லவா சோதனை!

கதையில் உண்மையாகவே கணக்கில் வராத விலை கொடுத்தவள் கடம்பூர்ச் சிற்றரசரின் மகள் மணிமேகலை. அவளுக்கு நாடும் வேண்டாம், பழியும் வேண்டாம். வந்தியத்தேவனை நேசித்தாள், கடைசியில் சித்தம் கலங்கி அவன் மடியில் உயிர்விட்டாள். இவ்வளவு பெரிய நாவலை முடிசூட்டு விழாவோடு நிறுத்தாமல் அந்தப் பெண்ணின் மரணத்தோடு முடித்ததற்காக நான் கல்கியிடம் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறேன்.

குந்தவை நம் மாவட்டத்துக்கு வந்ததுண்டா? போளூர் அருகே அவர் பெயரில் கோயில் இருப்பதாகச் சொல்கிறார்களே?
— வாசகி, ஆரணி

வந்ததற்குச் சான்று கேட்டால் காட்ட முடியாது. ஆனால் அவர் பெயர் வந்திருக்கிறது. போளூரை அடுத்த திருமலையில் உள்ள சமணப் பள்ளியைக் ‘குந்தவை ஜினாலயம்’ என்று முதலாம் இராஜேந்திரன் காலக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. சைவ அரச குடும்பத்தின் பெண் பெயரில் ஒரு சமணக் கோயில் இருப்பது நாவலின் குந்தவையைப் புரிந்துகொள்ளவும் உதவும். நாவலில் அவர் ஆதுரசாலை என்னும் மருத்துவமனை அமைப்பதிலும், எல்லாத் தரப்பினருடைய பேச்சையும் கேட்பதிலும், சோழநாட்டை விட்டுப் போக மாட்டேன் என்ற உறுதியிலும் வெளிப்படுவது, அரசு என்பது முடி சூடியவரோடு முடிந்துவிடுவதில்லை என்ற தெளிவு. நந்தினியிடம் மட்டும் அந்தப் பரந்த மனம் இளமையில் செயல்படவில்லை. அதன் விளைவை அவர் ஐந்து பாகங்களிலும் சுமக்கிறார். திருமலைக்குப் போகும்போது மலையடிவாரத்துக் கல்வெட்டுகளோடு குகை ஓவியங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.